உடைந்த குழாயில் பச்சைப் பெயிண்ட்

முப்பது வருடமாக இரும்பை ஒட்டிப் பிழைக்கிறேன். கோவில்பட்டியில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், டிராக்டர் டிரெய்லர், தீப்பெட்டி ஆபீஸ் மிஷின்களின் உடைந்த கால்கள் என்று எல்லா வேலையும் வரும். கடந்த பத்து வருடங்களில் பழைய மோட்டார் சைக்கிள் பிரேம்களைச் சரிசெய்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் கிடைத்திருந்தது. மதுரையிலிருந்துகூடக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியான வேளையில் லோடு ஆட்டோ ஒன்று வந்து பட்டறை முன் நின்றது. பின்னால் சாக்கு சுற்றிய பிரேம் ஒன்று கிடந்தது. அறுபதை ஒட்டிய ஒருவர் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக இறங்கினார். இடது கால் வலது காலைவிடக் குட்டையாக இருந்தது. கையில் மஞ்சள் துணிப்பை.

"அண்ணாச்சி, இதுல சேஸ் நம்பர் எங்கன இருக்குன்னு பாக்கணும். மதுரையில ஒருத்தர் பழைய வண்டியெல்லாம் வாங்குதாராம். புக்குல உள்ள நம்பரும் இதுல உள்ள நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் எடுப்பேங்காரு. பொறவு, ஓடுத மாதிரி சரிபண்ணித் தர முடியுமான்னும் பாருங்க."

பையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. எண் மட்டும் தப்பியிருந்தது.

சாக்கைப் பிரித்தோம். கனமான பழைய வண்டியின் பிரேம். ஹேண்டில் பொருந்தும் கழுத்திலிருந்து என்ஜினுக்கு இறங்கும் முன்குழாய் இரண்டாக முறிந்திருந்தது. பச்சைப் பெயிண்டுக்கு மேல் துரு, துருவுக்கு மேல் காய்ந்த கரிசல் மண். என்ஜின் இல்லை.

"இவ்வளவு வருசம் ஒடஞ்ச பிரேமை ஏன் வச்சிருந்தீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். புதூர்ப் பக்கம் அவருடைய ஊர். பதினேழு வருடத்துக்கு முன், மிளகாய்ப் பழம் எடுக்கும் காலத்தில், மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு விளாத்திகுளத்திலிருந்து திரும்பியிருக்கிறார். அதற்கு முன் மூன்று ராத்திரி மிளகாய்க் களத்தில் காவல். சாலை நேராக, வெறுமையாக இருந்தது. விழுந்தது எப்படி என்று அவருக்கு ஞாபகமே இல்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவியை அடக்கம் பண்ணி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"தூங்கிட்டேன் அண்ணாச்சி. வேற என்ன? எதுக்க ஒரு வண்டி இல்ல, குறுக்க ஒரு ஆடு இல்ல. போலீசுலயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். அவ அண்ணன்மாரு மக முகத்தைப் பாக்க விடல. சின்னப்புள்ள அப்ப, ஆறு வயசு. நாகலாபுரத்துல அவிய வீட்லயே வளந்தா. கல்லறைத் திருநாளுக்கு அவிய எல்லாம் வந்துட்டுப் போனப்பொறவு, நான் போயி ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வருவேன்."

என்ஜினை ஒருவர் தோட்டத்துப் பம்புக்கு வாங்கிப் போய்விட்டார். பிரேமை யாரும் கேட்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் கிடந்திருக்கிறது.

அவர் போன பிறகு, எண் இருக்கும் பிரேம் கழுத்தைச் சுற்றி மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கட்டி வைத்தேன். இந்த இடத்தில் கிரைண்டரை வைக்கவே கூடாது. எண் மிக லேசாகத்தான் அடிக்கப்பட்டிருக்கும். அவசரப்பட்டால் துருவோடு எண்ணும் போய்விடும். எண் போன பிரேம் சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லாத இரும்பு. மறுநாள் காலையில் பித்தளை பிரஷால் தேய்த்து, நைசான உப்புத்தாளைக் கையால் மட்டும் ஓட்டினேன். ஒவ்வொன்றாக எண்கள் தெரிந்தன. கடைசிக்கு முந்தைய இலக்கம் மூன்றா எட்டா என்று சந்தேகம் வந்தது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். எட்டு. புத்தகத்திலும் எட்டுதான். அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி," என்றார்.

புத்தகத்தில் பெட்ரோல் வண்டி என்று இருந்தது. ஆனால் பிரேமைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும், இது டீசல் வண்டியாக மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் எங்கள் பக்கம் அது பரவலாக நடந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று கனமான வண்டிகளின் என்ஜினைக் கழற்றிவிட்டு, வயலில் தண்ணீர் இறைக்கும் சின்ன டீசல் என்ஜினை வைத்துக்கொள்வார்கள். அது பெரிதாக இருக்கும். முன்குழாயை அறுத்து முன்னால் தள்ளி, கீழே புதிய இரும்புத் தட்டுகள் வைத்து ஒட்டினால்தான் உள்ளே நிற்கும். டீசல் என்ஜின் உதறும் உதறலுக்கு அந்தப் பிரேம் செய்யப்பட்டதல்ல. அது அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சரிசெய்து தரச் சொன்னதால் ஒட்டுகளைப் பார்ப்போம் என்று மண்ணைச் சுரண்டினேன். வலது பக்கத்து என்ஜின் தட்டு வெளியே வந்தது. அதில் ஒரு துளை தப்பான இடத்தில் போடப்பட்டு, வெல்டிங் வைத்து அடைக்கப்பட்டு, அரை அங்குலம் தள்ளி மறுபடி போடப்பட்டிருந்தது.

அந்தத் துளையைத் தப்பாகப் போட்டது நான்.

அப்போது நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பட்டறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். ஒல்லியாக, மீசை மட்டும் வைத்துக்கொண்டு, எந்நேரமும் முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பேன். இப்போது இருக்கும் தொப்பையையும் வெள்ளைத் தாடியையும் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. எனக்கும் அவரைத் தெரியவில்லை. தட்டைத்தான் தெரிந்தது. அதன் பிறகு அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் காத்திருந்தார். மனைவியும் வந்திருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. இரண்டு குழாய்களைச் சேர்க்கும்போது உள்ளே இன்னொரு குழாயைச் செருகி ஒட்டவேண்டும். அப்போதுதான் ஒட்டு தாங்கும். அந்த அளவுக் குழாய் பட்டறையில் இல்லை. லேத்தில் கடைந்து எடுக்கவேண்டும், லேத்துக்காரர் அன்று வரவில்லை. நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்கலாம். கடைசி பஸ் போய்விடும், வண்டியிலேயே ஊர்போய்ச் சேரவேண்டும் என்று அவர் நின்றார். நான் குழாயோடு குழாயை அப்படியே முட்டவைத்து ஒட்டினேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒட்டின் மேட்டையும் கிரைண்டரால் வழவழவென்று சீவிவிட்டேன். இருந்த பலத்திலும் பாதி அதோடு போயிருக்கும்.

அவர் மனைவி கேட்டாள், "அண்ணே, தாங்குமா? நாங்க மூணு பேரும் இதுலதான் போவோம்."

"யானையே ஏறினாலும் தாங்கும்க்கா," என்றேன்.

பிரேமை மேசையில் ஏற்றி, முறிந்த இரண்டு முனைகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். முறிவு சரியாக என் ஒட்டின் ஓரத்தில். வட்டத்தில் ஒரு பக்கம் கிழிந்தாற்போலக் கரடுமுரடாக இருந்தது, விழுந்த அன்று பிய்ந்த பகுதி அது. மற்றப் பக்கம், பாதிக்கும் மேலே, ஒன்றோடொன்று உரசி உரசி மழுங்கியிருந்தது. அந்த மழுங்கிய பகுதியில், குழாயின் கனத்துக்குள்ளே, பச்சைப் பெயிண்ட் இறங்கி உறைந்திருந்தது.

வெளியே அடித்த பெயிண்ட் உடைப்புக்கு உள்ளே போகவேண்டுமென்றால், பெயிண்ட் அடித்த அன்றைக்கே அங்கே பிளவு இருந்திருக்கவேண்டும். வண்டி விழுந்ததால் குழாய் முறியவில்லை. குழாய் முறிந்ததால் வண்டி விழுந்திருக்கிறது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி கேட்டாள், சொன்னேன். பரிமாறுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அவியளுக்கு ஒங்களத் தெரியலைல்லா?"

"தெரியல."

"அப்ப ஒட்டிக் குடுத்து அனுப்பிருங்க. பதினேழு வருசம் போச்சு. சொல்லி என்ன ஆகப் போவுது? நமக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு."

அவள் சொன்னதைத்தான் இரண்டு நாள் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒட்டிவிடலாம், சாயம் பூசிவிடலாம், மதுரைக்காரர் கொண்டுபோய்விடுவார். ஆனால் அந்த மனிதர் எல்லாரும் வந்துபோன பிறகு தனியாகக் கல்லறைக்குப் போகிறார். அது தெரியாமலிருந்தால் ஒட்டிக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

மூன்றாம் நாள் வரச் சொன்னேன். பஸ்ஸில் வந்தார். விபத்துக்குப் பிறகு இருசக்கர வண்டியில் ஏறியதே இல்லையாம்.

"இந்தப் பச்சை எப்ப அடிச்சீங்க?"

"அது நாந்தான் அடிச்சேன். அந்தக் கிறிஸ்மசுக்கு. வீட்டு ஜன்னலுக்கு வாங்குனதுல மிச்சம் இருந்திச்சி. ஏன் கேக்குதீங்க?"

பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, டார்ச்சை நான் பிடித்தேன். எதை எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டினேன். பச்சை தெரிகிறதா என்றேன். தெரிகிறது என்றார். அதன் அர்த்தத்தைச் சொன்னேன். பிறகு, நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று பயந்து, அதே மூச்சில் துளையையும் காட்டி, பழைய பட்டறையையும் சொல்லி, ஒட்டியவன் நான்தான் என்றேன்.

அவர் வெகுநேரம் கண்ணாடியை இறக்கவில்லை.

"அப்ப நான் தூங்கலையா?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தூங்கியிருந்தாலும் முழிச்சிருந்தாலும் அன்னைக்கு இது விட்டிருக்கும். முன்குழாய் விட்டா ஹேண்டில் கையில நிக்காது."

"கிறிஸ்மசுலயே வெடிச்சிருந்திச்சின்னா, நான் அது மேலயேதான பெயிண்ட் அடிச்சிருக்கேன்? அவதான் டப்பாவப் பிடிச்சிக்கிட்டு நின்னா. ரெண்டு பேரும் பாக்கலியே."

"முடி மாதிரி இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குத் தெரிந்திருக்கும்தான். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"இத நாகலாபுரத்துல வந்து சொல்லுவீங்களா?"

முறிந்த பகுதியை இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு அறுத்தெடுத்தேன். எப்படியும் அந்தக் குழாயை மறுபடி பயன்படுத்தப் போவதில்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்திருக்கும் நேரத்துக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். வழி நெடுக அறுவடை முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது.

அவருடைய பெரிய மச்சினர் முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கையிலிருந்த பலகையைக் கீழே வைக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. நின்றபடியே குழாயைப் பிரித்துக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். அவர் குழாயை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒம்ம பட்டறையில பச்சைப் பெயிண்ட் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இத இப்பக்கூட அடிக்கலாம்லா?"

பழைய பெயிண்ட் எப்படி வெடிக்கும், புதியது எப்படி இருக்கும் என்று ஏதோ விளக்கினேன். அவர் கேட்கவில்லை.

"பதினேழு வருசம் கழிச்சி ஒரு வெல்டிங்காரனக் கூட்டிட்டு வந்து, நான் தூங்கல, குழா தூங்கிச்சுன்னு சொல்ல வந்திருக்கீரு. எங்க தங்கச்சி அன்னைக்கு வண்டியில வர மாட்டேன்னா. பஸ்ல வாரேன்னா. நீருதான் ஏத்திக்கிட்டுப் போனீரு." இது என்னிடமல்ல, அவரிடம்.

குழாயை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "வாங்க போவோம் அண்ணாச்சி," என்று என்னோடு வந்தவர் என் தோளைத் தொட்டார். பஸ் நிறுத்தத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னது உண்மையா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "நெசந்தான்."

மகளுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். தூத்துக்குடியில் நர்சு வேலை பார்க்கிறாளாம். அப்பா பெயரைச் சொன்னாள். அந்தக் குழாயைப் பார்க்கவேண்டும் என்றாள். கொடுத்தேன். மாமா மாதிரித் திருப்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை வாங்கி, உடைப்பை வட்டமாக, ஒரு பகுதி விடாமல் பார்த்தாள்.

"நீங்கதான் ஒட்டுனீங்களா?"

"ஆமாம்மா."

"அப்பா ஒங்க மேல கோவமே இல்லங்காங்க. எனக்கு அப்படிச் சொல்ல வரல."

"சொல்ல வேண்டாம்மா."

"இத நான் எடுத்துட்டுப் போவலாமா?"

கொண்டுபோனாள். அந்த நவம்பரில் அப்பாவும் மகளும் சேர்ந்து கல்லறைக்குப் போனார்கள் என்று அவர் போனில் சொன்னார். மாமன்மார் இன்னும் அவரிடம் பேசுவதில்லை. அவளிடமும் இப்போது பேசுவதில்லை.

பிரேமை என்ன செய்ய என்று அவரிடம் கேட்டேன். வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "நீங்களே பண்ணுங்க. இந்தத் தடவை அவசரமில்ல," என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். டீசலுக்காக வைத்த தட்டுகள் எல்லாவற்றையும் அறுத்து எடுத்தேன். முன்குழாயைப் புதிதாகச் செய்ய எனக்குத் தைரியமில்லை. திருநெல்வேலிப் பழைய இரும்புக் கடைகளில் தேடி, அதே வகை வண்டியின் நசுங்கிய பிரேம் ஒன்றிலிருந்து கெடாத முன்குழாயை எடுத்தேன். கழுத்து வளைந்திருக்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்ததில் ஒரு விரல் கனம் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தாமல் ஒட்டினால் வண்டி காலத்துக்கும் ஒரு பக்கம் இழுக்கும். கனத்த இரும்புச் சட்டத்தில் பிரேமை இறுக்கிவைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நிமிர்த்தினேன். உள்குழாயை லேத்தில் கடைந்து செருகி, பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினேன்.

பிறகு சிவப்புச் சாயம் வைத்துப் பார்த்தேன். சாயத்தைத் தெளித்து, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசியும். என் ஒட்டுகளில் கசியவில்லை. சீட்டுக்குக் கீழே, நான் தொடாத ஒரு மூட்டில், நகம் அளவுக்கு ஒரு கோடு வந்தது. அதையும் திறந்து ஒட்டினேன். இத்தனைக்கும் பிறகு என் கண்ணை நான் நம்பவில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கூட்டிவந்து, நடந்ததைச் சொல்லி, ஒவ்வொரு ஒட்டையும் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

மதுரைக்காரர் வந்தார். ஒட்டு மேடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் சீவி விட்டுடுங்களேன், ஒரிஜினல் மாதிரி இருக்கும்," என்றார். முடியாது என்றேன். எங்கே முறிந்தது, எதை மாற்றினேன், அதில் போன உயிர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். கொண்டுபோனார்.

ஆனால் அதோடு முடியவில்லை. அந்த வருடங்களில் நான் டீசலுக்கு மாற்றியது ஒரு வண்டி இல்லை. உட்கார்ந்து நினைத்து நினைத்து எழுதியதில் இது போக ஒன்பது வந்தது. பேர் தெரியாது, சிலருடைய ஊர் மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய், இங்கே டீசல் வண்டி யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். நாலு வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தன. இரண்டு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே, ஆட்டுக்கிடை போடும் ஒருவர் அதில் தழை ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏ அண்ணாச்சி, இருவது வருசமா ஓடுது. ஒண்ணும் ஆவல."

"ஒரு நிமிசம் பாத்துக்கிடுதேன்."

முன்குழாயைத் துடைத்துச் சாயம் தெளித்து, பொடி அடித்துவிட்டுக் காத்திருந்தோம். ஒட்டின் ஓரத்தில் சிவப்பு ஊறி, குழாயைச் சுற்றிப் பாதி தூரம் ஓடியது. அவர் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நேத்துகூட பேரனை முன்னால வச்சிக்கிட்டு எட்டயபுரம் சந்தைக்குப் போயிட்டு வந்தேன்," என்றார்.

வண்டியை அங்கேயே நிறுத்திவைத்து, லோடு ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

மிச்சம் இரண்டு. ஒன்றின் சொந்தக்காரர் குடும்பத்தோடு கேரளாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள், வண்டியையும் கொண்டுபோனாராம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவருடைய முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. நீல நிற வண்டி, சாயங்காலம் மழை தூறியது, அவசரம் என்றார். அவ்வளவுதான் வருகிறது.